மூக்கன்பாறையில் போன நேரம்

மாதாதுறைக்கும் கல்லுத்துறைக்கும் நடுவில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிற மூக்கன்பாறையின் உச்சியில், ஒரு பக்கம் செம்மண் மேடும் மறுபக்கம் கீழே நுரைக்கிற கடலுமாகப் போகிற ஒற்றையடிப் பாதை, ஆடி மாதத்துக் கொந்தளிப்பு அடங்கி வள்ளங்கள் மறுபடி இறங்கிய வாரத்திலிருந்து, சிலருக்கு மட்டும் நீளத் தொடங்கியது. அதற்கு முன்பு அது எல்லாருக்கும் ஒரே பாதையாகத்தான் இருந்தது. மாதாதுறையில் சிலுவை நிற்கிற குருசடியில் செபமாலையைக் கையில் எடுத்து ஏறினால் கல்லுத்துறை மணலில் கால் வைக்கும்போது விரல் கடைசி மணியைத் தொட்டிருக்கும், தொடவில்லையென்றால் வழியில் யாரோடோ ஊர்க்கதை பேசியிருக்கிறாய் என்று அர்த்தம்.

முதலில் நீண்டது தொபியாசுக்கு. அவர் மாதாதுறை ஊர்க் கமிட்டித் தலைவர், சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்கிறவர் என்று பெயரெடுத்தவர். காலைப் பூசை முடிந்ததும் கல்லுத்துறையில் எஞ்சின் பழுது பார்க்கிறவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறியவர், அந்த மெக்கானிக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்த அந்தி வேளையில், உதடு வெடித்து, வேட்டியெல்லாம் செம்மண்ணாகப் போய் இறங்கினார். எங்கேயும் உட்காரவில்லை, யாரோடும் பேசவில்லை, நடந்துகொண்டேதான் இருந்தேன், பாதைதான் முடியவில்லை என்று அவர் மாதாமேல் ஆணையிட்டுச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவர் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பின்ன இவ்வளவு நேரம் எங்க போச்சு?"

அந்தக் கேள்வி அவர் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வந்து, தெருவில் நடந்து, கிணற்றடியில் நின்று, மீன் ஏலம் போடுகிற இடத்தில் உட்கார்ந்து, ஊரில் ஒரு ஆளாகவே ஆகிப்போனது. அடுத்தடுத்து வலை பின்னுகிற ஒருவனுக்கு நீண்டது, பீடிக்கடைக்காரனுக்கு நீண்டது, தாலி கட்டிப் புதுமணம் மாறாத பெண்ணொருத்திக்கு நீண்டது, அவள் இடுப்பில் இருந்த நாத்தனாரின் கைக்குழந்தை பசியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்து சேர்ந்தது. பாதை ஏன் நீள்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரு தெருவையே கடல் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த கரை அது, மண் கூடுவதும் குறைவதும் அங்கே பெரிய அதிசயமில்லை. இவனுக்கு ஏன் நீள்கிறது, எனக்கு ஏன் நீளவில்லை என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது.

அதற்குப் பதில் சொன்னவர் உபதேசியார் மிக்கேலடிமை. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துக் குரல் கனத்த மனிதர். "எவன் ஒளிச்சு வச்சிருக்கானோ அவனுக்கு நீளுது" என்றார். "ஆட்டப் பாருங்க. ஆட்டுக்கு நீளுதா?"

பார்த்தார்கள். ஆடுகள் எப்போதும்போலப் போய் எப்போதும்போலத் திரும்பி வந்தன. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

அதன்பிறகு மூக்கன்பாறை வெறும் பாறையாக இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பாடச் சொல்வதை விட்டுவிட்டு நடக்கச் சொன்னார்கள். மீனவர் சங்கத் தேர்தலுக்கு நின்றவர்களை வரிசையாக ஏற்றிவிட்டு ஊரே மறுகரையில் காத்திருந்தது, காத்திருக்கிறவர்களுக்காக இரண்டு முனையிலும் ஆளுக்கொரு தேநீர்க்கடை முளைத்தது. நாகர்கோவில் கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியார் நீளமான நாடாவோடு வந்து அளந்து பார்த்து, எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் ஒரே அளவுதான் என்று சொல்லிவிட்டு, முகம் வெயிலில் உரிந்து வீடு திரும்பினார், அளந்தவருக்கு எவ்வளவு நேரமானது என்பதைத்தான் ஊர் பேசியது. சுற்றுவழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுகிறவனைப் பார்த்தால் பாதைக்குப் பயந்து ஓடுகிறான் என்றார்கள், அதனால் பஸ் காலியாக ஓடியது. பங்குச்சாமி மோட்டார் சைக்கிளில் ரோட்டைச் சுற்றிப் போகத் தொடங்கியதையும் ஊர் கவனித்து வைத்துக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து ஏறினால் பேச்சு பாதியில் இருக்கும்போதே ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் ஆகிப்போவார்கள், யாரும் வேகமாக நடக்காமலே, யாரும் நிற்காமலே. பின்தங்கியவரின் குரல் மெலிந்து மெலிந்து காற்றோடு போய்விடும், முன்னே போனவர் கரையில் இறங்கி, திரும்பிப் பார்த்து, மூக்கின்மேல் விரல் வைத்துக்கொள்வார்.

செலஸ்தீனாளுக்குப் பாதை ஒரு நாளும் நீளவில்லை. கணவனைக் கடலுக்குக் கொடுத்த பிறகு தலையில் மீன்கடவம் என்கிற பெரிய ஓலைக்கூடையைத் தூக்கியவள் அவள். விடிந்ததும் மாதாதுறையில் மீன் எடுத்து, கல்லுத்துறைத் தெருக்களில் விற்று, வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிடுவாள். கூடவே கடவம் தூக்கி நடக்கிற ரெஜினாளுக்கும் நீளவில்லை. ஊரில் இந்த இரண்டு பேரையும் பார்த்தால் ஆண்கள்கூடக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள். செலஸ்தீனாளுக்கு அது பிடித்திருந்தது. புருஷன் போன புதிதில் இதே ஊர் தன் நடையை, தன் சிரிப்பை, எந்த வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்று மீன் விற்றாள் என்பதையெல்லாம் கண்ணால் அளந்ததை அவள் மறக்கவில்லை, இப்போது அந்தக் கண்கள் தாழ்வதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அவள் மருமகள் ஜெசிந்தாவுக்கு நீண்டது.

ஜெசிந்தா கல்லுத்துறை பால்வாடியில் டீச்சர். கட்டிக்கொண்டு வந்த வருஷமே கணவன் கிளாட்வின் மீன்பிடிக்க மஸ்கட்டுக்குப் போய்விட்டான், வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். காலையில் அவளுக்குப் பாதை ஒழுங்காகவே இருந்தது, பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய்க் கதவைத் திறந்துவிடுவாள். திரும்பி வரும்போதுதான். பிள்ளைகள் மத்தியானச் சோறு தின்று, தூங்கி எழுந்து, தாய்மாரோடு போன கையோடு பாறை ஏறுகிறவள், மாதாதுறையில் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் இறங்கினாள். முதல் நாள் செலஸ்தீனாள் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே அவளுடைய சேலை ஓரத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு தினமும் பார்த்தாள், தலைப்பூ வாடியிருக்கிறதா, வளையல் குறைந்திருக்கிறதா, செருப்பில் ஒட்டியிருப்பது பாறைமேட்டுச் செம்மண்தானா, வேறு ஏதாவது முற்றத்து மணலா என்று.

"கால் வலிக்கு மாமி" என்று ஜெசிந்தா ஒருநாள் சொன்னாள்.

"வலிக்கத்தான் செய்யும்" என்றாள் செலஸ்தீனாள். அந்த இரண்டு வார்த்தைக்குள் என்னவெல்லாம் இருந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

போகும்போது நீளாமல் வரும்போது மட்டும் நீள்வானேன் என்று ஊர் யோசித்தது, யோசித்து, போகும்போது அவள் எதையும் சுமந்துகொண்டு போகவில்லை, அங்கிருந்துதான் சுமந்துகொண்டு வருகிறாள் என்ற முடிவுக்கு வந்தது. கல்லுத்துறையில் யார் யார் கல்யாணமாகாமல் இருக்கிறார்கள், யாருடைய மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள் என்றெல்லாம் மாதாதுறைக்காரர்கள் விரலை மடக்கிப் பார்த்தார்கள். யாரோ பேசிப் பதிந்து அனுப்பியது மஸ்கட்டில் கிளாட்வினின் போனில் போய் விழுந்தது. அவன் அம்மாவைக் கூப்பிட்டான்.

"அம்மா, நான் ஊர்க்காரன் சொல்லுறத நம்ப மாட்டேன். நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னா கிறிஸ்மஸுக்கு வந்து அவள அவ வீட்டுல கொண்டு விட்டுட்டுப் போயிருவேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது, அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்கும் அது கேட்டது. அவள் தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி கழுவினாள்.

மறுநாள் செலஸ்தீனாள் மீன் விற்ற பிறகு வீடு திரும்பவில்லை. பால்வாடிக்கு எதிரே ஒரு பூவரச மரத்தடியில் காலிக் கடவத்தைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளே பிள்ளைகள் பாடுவதும் அழுவதும் தட்டில் கரண்டி தட்டுவதும் கேட்டது, ஆண் குரல் ஒன்றுகூடக் கேட்கவில்லை. பிள்ளைகள் போனதும் ஜெசிந்தா கதவைப் பூட்டிவிட்டுப் பாறைக்கு நடந்தாள். செலஸ்தீனாள் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே ஏறினாள். தாழம்புதர் வரை மருமகளின் நீலச் சேலை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அப்புறம் செலஸ்தீனாள் அவளை நெருங்கினாள், நெருங்கி, எப்படியென்று தெரியாமலே, கடந்துவிட்டாள். ஒதுங்கியதும் இல்லை, முந்தியதும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது நீலச் சேலை அங்கே தூரத்தில் தன்னை நோக்கி நடந்துகொண்டிருந்தது, நடந்துகொண்டே சிறுத்தது, சிறுத்துச் சிறுத்து ஒரு மீன்செதிலளவு ஆகி வெயிலில் கரைந்தது. அவள் மாதாதுறையில் இறங்கியபோது வெயில் சாயவில்லை. விளக்கு வைக்கும் நேரம்வரை குருசடியடியில் நின்றாள், ஜெசிந்தா அப்போதுதான் வந்தாள்.

கண்ணால் பார்த்தவளுக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கவேண்டும். தீரவில்லை, வளர்ந்தது. கண்ணைவிட்டுப் போன இடத்தில் என்னதான் இருக்கிறது? அந்தச் செதிலளவுக்குள் ஒரு மரம் இருக்கலாம், மரத்தடியில் ஒரு ஆள் இருக்கலாம். அன்றைக்கு இரவு முழுக்க அந்த ஆளுக்கு அவள் மீசை வைத்துப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், கல்லுத்துறையில் தனக்குத் தெரிந்த எல்லா முகங்களையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள்.

விடிந்ததும் ஒரு முடிவோடு எழுந்தாள். அன்று சாயங்காலம் கல்லுத்துறைப் பக்கம் பாறை ஏறுகிற இடத்தில் வைத்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். கள்ளனைப் பிடிக்கிற பிடி.

"நட" என்றாள்.

அதுவரை யாரும் அப்படி நடந்து பார்த்ததில்லை. சந்தேகப்படுகிறவரும் சந்தேகத்துக்கு ஆளானவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது வழக்கமில்லை அல்லவா, அதனால் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பது அந்த இரண்டு கரைக்கும் தெரியாமலே இருந்தது.

தாழம்புதரைக் கடந்தார்கள். அதற்கப்பால் எப்போதும் வருகிற வெள்ளைப் பாறை வரவில்லை, இன்னொரு தாழம்புதர் வந்தது. அதற்கப்பால் செம்மண் மேடு, மேட்டுக்கு அப்பால் செம்மண் மேடு. கீழே கடல் அடித்துக்கொண்டே இருந்தது. செலஸ்தீனாள் மரத்தைத் தேடினாள், மரத்தடியைத் தேடினாள், ஒரு குடிசையை, ஒரு சைக்கிளை, புதருக்குப் பின்னால் ஒரு சட்டையின் நிறத்தைத் தேடினாள். ஒரு பருந்து மேலே வட்டமடித்தது. ஒரு ஓணான் தலையை ஆட்டிவிட்டுப் போனது. வேறு எதுவும் இல்லை, பாதை மட்டும் இருந்தது, அது இருந்துகொண்டே இருந்தது, இந்த வளைவுக்கு அப்பால் முடியும் என்று நினைத்த இடத்தில் அடுத்த வளைவாகவும், இந்த ஏற்றத்தோடு சரி என்று நினைத்த இடத்தில் அடுத்த ஏற்றமாகவும், சலிக்காமல், சத்தமில்லாமல், கோபம்கூட இல்லாமல் இருந்தது.

"எங்க எளா அவன்?" என்று செலஸ்தீனாள் கடைசியில் கேட்டேவிட்டாள்.

"யாரு?"

"நீ பாக்க வாறவன்."

ஜெசிந்தா நின்றாள், நின்றால் இன்னும் நேரமாகும் என்று தெரிந்தவளாக உடனே நடந்தாள். "அப்படி ஒருத்தன் இருந்தா நல்லாத்தான் இருக்கும் மாமி. ஒரு குப்பித் தண்ணியாவது கொண்டு வருவான்."

செலஸ்தீனாளுக்குக் கோபம் வந்தது, வந்த கோபம் மூட்டுவலியில் போய் முட்டி நின்றது. காலையிலிருந்து கடவம் சுமந்த கால்கள். அவள் கை இப்போது மணிக்கட்டைப் பிடித்திருக்கவில்லை, மருமகளின் தோளில் இருந்தது, எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வீட்டுக்கு வரப் பிடிக்கலியா உனக்கு? அதுனாலயா நீளுது?"

"பிடிக்காத நாளு உண்டு" என்றாள் ஜெசிந்தா. "நீங்க என் சேலைய மோந்து பாத்த அன்னைக்கு எங்கயாவது போயிரலாமான்னு இருந்தது. ஆனா பிடிச்ச நாளும் நீளத்தான் செய்யுது மாமி. நெத்திலி வாங்கி வச்சிருக்கேன் வந்து அவின்னு சொன்னீங்களே, அன்னைக்கு நான் ஓடித்தான் வந்தேன். அன்னைக்குத்தான் ரொம்ப நீண்டது."

 வெயில் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பேருடைய நிழலும் செம்மண்மேல் நீளமாக விழுந்து ஒன்றாகிக் கிடந்தது. நடந்தார்கள். தொண்டை காய்ந்தபோது ஜெசிந்தா தாழைவேர் ஒன்றைப் பிடுங்கி மென்று பார்த்துத் துப்பினாள், அதைப் பார்த்து செலஸ்தீனாளுக்கு முதல்தடவையாக ஒன்று உறைத்தது. இந்தப் பெண் தினமும் இதைத்தான் செய்திருக்கிறாள். இத்தனை நாளும் தனியாக, ஒரு துணை இல்லாமல், இந்த முடியாத மண்ணில் நடந்து வந்து, வந்ததும் அடுப்பு மூட்டியிருக்கிறாள்.

அவர்கள் மாதாதுறையில் இறங்கியபோது குருசடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செலஸ்தீனாள் மருமகளோடு ஏறிவிட்டாள் என்ற செய்தி எட்டியிருந்ததால் அங்கே பாதி ஊர் கூடியிருந்தது. ரெஜினாளும் நின்றாள், உபதேசியாரும் நின்றார்.

"என்ன கண்ட?" என்று உபதேசியார் கேட்டார். "எங்க போறா? என்னதான் செய்யிதா?"

"நடக்கா" என்றாள் செலஸ்தீனாள். "நானும் நடந்தேன்."

"இவ்வளவு நேரமுமா?"

"இவ்வளவு நேரமும்."

ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தை செலஸ்தீனாள் நன்றாக அறிவாள், எத்தனையோ பேரின்மேல் அவளே அதைப் போர்த்தியிருக்கிறாள். இப்போது அது தன்மேல் விழுந்தபோதுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. அவள் கண்டதைச் சொன்னாள், ஒரு பருந்து, ஒரு ஓணான், இன்னொரு தாழம்புதர் என்று சொன்னாள், சொல்லச் சொல்ல அது பொய்போலவே இருந்தது. கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள், இன்னும் பொய்யாகிப்போனது. மாதாமேல் ஆணையிட வாயெடுத்து, யார் யாரெல்லாம் இதே இடத்தில் ஆணையிட்டார்கள் என்பது நினைவு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

"மாமியும் மருமோளும் கூட்டு" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

மறுநாள் ஏலம் போடுகிற இடத்தில் ரெஜினாள் தன் கடவத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். கிளாட்வின் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான்.

"என்னம்மா கண்ட?"

"ஒண்ணுமில்ல மக்கா. அங்க ஒண்ணுமே இல்ல. பாத நீளுது, அவ்வளவுதான்."

 பின்னால் யாரோ மலையாளத்தில் சிரிப்பது கேட்டது. "நீயும் அவ பக்கம் சேர்ந்துட்டியா?" என்றான். பெற்ற மகன், முழு ஊரும் சொன்னதையே சொன்னான், அதே குரலில். செலஸ்தீனாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் குரல் கெட்டியாகத்தான் வந்தது.

"நீ வா. வந்து நட. அவ நடக்குத பக்கத்துலேருந்தே நட. பின்ன என்ட்ட பேசு."

கிறிஸ்மஸுக்கு வந்தான். அதற்குள் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருகிறவர்களாகியிருந்தார்கள். ஊர் அவர்களோடு பேசுவதைக் குறைத்திருந்தது, மீனுக்குக் காசை மட்டும் வாங்கிக்கொண்டது. பாதை சில நாள் நீண்டது, சில நாள் நீளவில்லை. நீளாமல் சட்டென்று இறங்கிய நாட்களிலும், இன்றைக்கு எப்படிச் சீக்கிரம் வந்தார்கள் என்று ஊர் யோசித்தது. வெளியே பேச ஆளில்லாமல் போனதால் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள், செலஸ்தீனாள் தன் கணவனைப் பற்றி, அவன் குறட்டையைப் பற்றி, அவன் வராமல் போன பிறகு வந்த முதல் மழையைப் பற்றி யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள்.

கிளாட்வின் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் கல்லுத்துறைக்குப் போய், மத்தியானம் தாண்டியதும் பாறை ஏறினான். ஏறியாச்சு என்று தேநீர்க்கடையிலிருந்து போன் வந்தது. மாதாதுறையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஒரு தேநீர் குடித்தது, இன்னொரு தேநீர் குடித்தது, பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. மஸ்கட்டில் இவன் என்ன செய்தானோ என்று ஒரு குரல் வந்தது. வெயில் சாய்ந்து, கோயில் மணி அடித்து, வீடுகளில் நட்சத்திர விளக்குகள் எரியத் தொடங்கின. குளிர்காற்று வந்ததும் கூட்டமும் கலைந்தது. ஜெசிந்தா மட்டும் பாறைமுகட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சேலை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"மாமி" என்றாள் மெதுவாக.

"என்ன மக்ளே?"

"கல்யாணத்துக்கு முன்ன இவருக்குக் கல்லுத்துறையில கூட்டுக்காரி யாரும் உண்டுமா?"

செலஸ்தீனாள் திரும்பி அவளைப் பார்த்தாள். ஜெசிந்தாவும், தன் வாயிலிருந்து வந்தது இன்னதென்று காதில் விழுந்தவளாக, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரித்தது செலஸ்தீனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, வள்ளத்தின் பலகை அதிரச் சிரித்தாள், அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஜெசிந்தாவும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகி மறுபடி சிரிப்பானது.

அப்போதுதான் அவன் சரிவில் இறங்கி வந்தான். வெளிநாட்டுச் சட்டையெல்லாம் செம்மண்ணாக, உதடு காய்ந்து, புதுச் செருப்பில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தூரத்திலிருந்தே ஏதோ சொல்ல வாயைத் திறந்துகொண்டு வந்தான். அவர்கள் முன்னால் வந்து நின்று, கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டான். அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமியாரின் பக்கம் நெருங்கி உட்கார்ந்து, வள்ளத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.

"முதல்ல இரியுங்க" என்றாள். "கால் வலிக்குமில்லியா."